பாக்கெட்டில் மடக்குக் கத்தி: வாங்கலாமா, எதை வாங்கலாம்?

திருப்பூர் மாவட்டத்திலிருந்து 26 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். வீட்டு மொட்டை மாடிகளில் சோலார் பேனல் பொருத்தும் நிறுவனத்தில் டெக்னீஷியன். கேபிள் டை அறுக்க, அட்டைப்பெட்டி பிரிக்க, வயரின் மேலுறையைச் சீவ, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கொய்யாப்பழம் நறுக்க என்று தினமும் இருபது தடவையாவது அவருக்குக் கத்தி தேவைப்படுகிறது. 1,500 ரூபாய்க்குள், பாக்கெட்டில் அடங்குகிற சின்ன மடக்குக் கத்தி வேண்டும் என்பதுதான் ஆசை. அவசரப்பட்டு, பட்டனை அமுக்கினால் பாய்ந்து திறக்கும் கறுப்புக் கத்தி ஒன்றை ஆன்லைனில் 699 ரூபாய்க்கு வாங்கியும்விட்டார். அலகு மூன்றரை அங்குலம்.

அது வந்த நாளிலிருந்து வீட்டில் பிரச்னை. "போலீஸ் பிடிச்சா ஆயுத கேஸ் ஆயிடும்" என்று அம்மா பயப்படுகிறார். உடன் வேலை செய்யும் அண்ணன் ஒருவரோ, "ஒன்பது அங்குலத்துக்குக் கீழே இருந்தா யாரும் எதுவும் கேட்க முடியாது" என்கிறார். இரவு பத்து மணிக்கு மேல் பைக்கில் திரும்பும் வழி ஆளில்லாத சாலை. ஒருமுறை இரண்டு பேர் மறித்துச் செல்போனைப் பறிக்கப் பார்த்திருக்கிறார்கள். அதனால் கத்தி கையில் இருந்தால் ஒரு தைரியம் என்று நினைக்கிறார். அடுத்த மாதம் பயிற்சிக்காக விமானத்தில் டெல்லி போகிறார், அங்கேயும் இதை எடுத்துப்போகலாமா என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, என் அப்பா பெரியகுளம் பக்கம் மாங்கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டியவர். அவர் மடியில் எப்போதும் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் அலகில் ஒட்டிய மாம்பாலை வேட்டி நுனியில் துடைத்துவிட்டுத்தான் அடுத்த கன்றைத் தொடுவார். அப்படித் துடைத்தும் அந்த அலகு கறுத்துப்போய்த்தான் இருந்தது. கத்தி வைத்திருப்பவரைச் சந்தேகத்தோடு பார்க்கும் வீட்டில் நான் வளரவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆனால் வழக்கறிஞராக இருபது வருடங்களுக்கு மேலாகக் குற்றவியல் நீதிமன்றங்களில், துணிப்பையில் தைத்து அரக்கு முத்திரை வைத்த சின்னச் சின்னக் கத்திகளையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கேள்விக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒன்பது அங்குலக் கணக்கு

அண்ணன் சொன்னது முழுப் பொய் இல்லை, பாதி உண்மை. படைக்கலச் சட்டம் 1959-இன்படி, தாக்கவோ தற்காக்கவோ என்று வடிவமைக்கப்பட்ட பொருள்தான் ஆயுதம். வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்யப்பட்டவை அதில் சேராது. 2016-ஆம் வருட விதிகளின் அட்டவணையில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் வாள், குத்துவாள், ஈட்டி ஆகியவற்றோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. அதிலும் வீடு, விவசாயம், அறிவியல், தொழில் வேலைகளுக்காகச் செய்தவை நீங்கலாக என்று விலக்கு இருக்கிறது. ஆக, அம்மா பயப்படுவதுபோல் ஒரு சின்னப் பேனாக்கத்தி பாக்கெட்டில் இருந்த ஒரே காரணத்துக்காக நீங்கள் குற்றவாளி ஆகிவிட மாட்டீர்கள். இதை அவரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

அண்ணன் சொல்லாமல் விட்ட மீதிப் பாதி இதுதான். அதே சட்டத்தின் 4-ஆவது பிரிவில், ஒரு குறிப்பிட்ட பகுதியில் இன்ன வகை ஆயுதத்தை உரிமம் இல்லாமல் வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது என்று மத்திய அரசு அறிவிக்கை வெளியிடலாம். அப்படி அறிவிக்கை உள்ள இடத்தில் ஒன்பது அங்குலக் கணக்கை நம்பிப் பயனில்லை. தேர்தல், கலவரம், பெரிய ஊர்வலம் போன்ற நேரங்களில் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆவது பிரிவில் (பழைய 144 தடை உத்தரவு என்றால் எல்லோருக்கும் புரியும்) ஆயுதம் எடுத்துச் செல்லத் தடை போடுவதும் உண்டு. நீதிமன்றம், விமான நிலையம் போன்ற இடங்களின் வாசல் சோதனை தனிக் கதை. அங்கே எத்தனை அங்குலம் என்று யாரும் ஸ்கேல் வைத்து அளக்க மாட்டார்கள்.

டெல்லிக்கு அந்தக் கத்தி வேண்டவே வேண்டாம்

நான் சொன்ன 4-ஆவது பிரிவு அறிவிக்கைக்கு நல்ல உதாரணம் நீங்கள் போகப்போகும் டெல்லிதான். பட்டனை அமுக்கித் திறக்கும் கத்திகளுக்கும் 'கர்ர்' என்ற சத்தத்தோடு பல் பல்லாய்த் திறக்கும் கத்திகளுக்கும் அங்கே பல வருடங்களாகக் கட்டுப்பாடு இருக்கிறது. அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டினாலே அறிவிக்கைக்குள் வந்துவிடும். 7.62 செ.மீ. என்பது மூன்று அங்குலம். உங்களுடையது மூன்றரை. இந்தி பேசும் ஊர்களில் 'பட்டன்தார்' என்று சொல்லும் கத்தியை வைத்திருந்ததாக டெல்லி நீதிமன்றங்களில் வரும் வழக்குகள் கொஞ்சநஞ்சமில்லை.

ஆன்லைனில் தாராளமாக விற்கிறார்களே, சட்டவிரோதம் என்றால் எப்படி விற்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான சந்தேகம். ஆனால் ஒரு பொருள் விற்பனைக்குக் கிடைக்கிறது என்பதால் மட்டும் அதை எந்த ஊரிலும் வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடாது. பிடிபட்டால் கடைக்காரர் உங்களோடு நீதிமன்றத்துக்கு வர மாட்டார்.

விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்திக்கும் அனுமதி இல்லை. சாவிக்கொத்தில் தொங்கும் சுண்டுவிரல் நீளக் கத்தியைக்கூட வாங்கிப் போட்டுவிடுவார்கள். விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பெட்டியில் வைத்துப் போகலாம்தான். ஆனால் பட்டன் கத்தியை அந்தப் பெட்டியில் வைத்தால், அது உங்களோடு டெல்லியில் போய் இறங்கும், நீங்களே அதை அங்கே கொண்டுபோனதாக ஆகும். பயிற்சிக்குத் தேவையான கருவிகளை அங்கே தருவார்களா என்று நிறுவனத்தில் கேட்டுக்கொண்டு, கத்தியே இல்லாமல் போய் வாருங்கள்.

வாங்கிய கத்தியைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் நாள் இன்னும் முடியவில்லை என்றால் இன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள். முடிந்திருந்தால் நண்பர்கள் யாருக்கும் கொடுக்காதீர்கள், விற்கவும் வேண்டாம். 699 ரூபாய் போனால் போகட்டும்.

"கையில் இருந்தால் ஒரு தைரியம்"

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்த வரி இதுதான். கொஞ்சம் விரிவாகவே பேசுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் எனக்கு வந்த ஒரு வழக்கு. டீக்கடை வாசலில் வண்டி நிறுத்துவதில் இரண்டு பேருக்குத் தகராறு. ஒருவர் சட்டைப்பையில் மஞ்சள் கைப்பிடி போட்ட பழக்கத்தி இருந்தது. தள்ளுமுள்ளில் அதை எடுத்துவிட்டார். எதிராளிக்கு முன்கையில் நான்கு தையல். காயம் சின்னது. ஆனால் கையால் அடித்திருந்தால் சாதாரண அடிதடியாகப் போயிருக்க வேண்டியது, 'ஆயுதத்தால் காயம் விளைவித்தல்' என்ற பிரிவுக்குள் போய்விட்டது. என் கட்சிக்காரர் கூண்டில் நின்று, "பழம் நறுக்கத்தான் வைத்திருந்தேன்" என்றார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அன்றைக்குப் பழம் எங்கே இருந்தது?" அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை.

இப்போது அதே குற்றம், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 118-ஆவது பிரிவில் வருகிறது. வெட்டும் கருவியால் சாதாரணக் காயம் ஏற்படுத்தினாலே மூன்று வருடம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கொடுங்காயம் என்றால் குறைந்தது ஒரு வருடத்தில் தொடங்கி ஆயுள் வரை போகலாம். அந்தப் பிரிவு கத்தியின் நீளத்தைக் கேட்பதே இல்லை. ஒன்றரை அங்குலப் பேனாக்கத்திக்கும் அதே பிரிவுதான்.

அப்படியானால் தற்காப்பு உரிமை இல்லையா? இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. அதே சட்டத்தின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் உடலையும் பொருளையும் காத்துக்கொள்ளும் உரிமையைத் தருகின்றன. வழிப்பறிக்காரன் தாக்கினால் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் காப்பாற்றிக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் காயப்படுத்தக் கூடாது என்று 37-ஆவது பிரிவு சொல்கிறது. போலீஸ் உதவியை நாட நேரம் இருந்தால் இந்த உரிமையும் இல்லை. அந்தத் தேவையான அளவு எவ்வளவு என்பதை, பதற்றத்தில் நின்ற நீங்கள் அல்ல, பல மாதங்கள் கழித்து ஒரு நீதிபதி ஆற அமர உட்கார்ந்து முடிவு செய்வார்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். இருட்டில், ஹெல்மெட்டோடு, பைக் மேல் உட்கார்ந்தபடி, பேன்ட் பாக்கெட்டுக்குள் இருக்கும் மடக்குக் கத்தியை எடுத்துத் திறக்க எத்தனை நொடி ஆகும் என்று பகலில் ஒருமுறை வீட்டு வாசலில் நீங்களே செய்து பாருங்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். முடியாவிட்டால் அதைவிட மோசம். எதிரே இருப்பவர் இரண்டு பேர், உங்கள் கையில் கத்தி. அது யார் கைக்குப் போகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. திறந்த அலகை மடங்காமல் பிடித்து நிறுத்தும் லாக் இல்லாத கத்தி, குத்திய வேகத்தில் மடங்கி உங்கள் விரலையே அறுக்கும்.

போனைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில், போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்து அந்தப் போனை முடக்க முடியும். 'காவல் உதவி' செயலியை இன்றே இறக்கி வையுங்கள். அவசரத்துக்கு 112. முன்பு மறித்த சம்பவத்துக்குப் புகார் கொடுத்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. கொடுக்கவில்லை என்றால் இப்போதாவது கொடுங்கள். அந்தச் சாலையில் இரவு ரோந்து கேட்பதற்கு உங்கள் புகார் ஒரு ஆதாரம். இரவு வேலை முடித்து இரண்டு பேராகத் திரும்பும்படி ஏற்பாடு செய்ய முடியுமா என்று நிறுவனத்திடம் கேட்பதும் தப்பே இல்லை.

சரி, எந்தக் கத்தி?

வேலைக்காக மட்டும் என்று முடிவு செய்துவிட்டால் தேர்வு சுலபம். நீங்கள் சொன்ன வேலைகளுக்கு ஆறிலிருந்து ஏழு செ.மீ. அலகு தாராளம். 7.5 செ.மீ. தாண்ட வேண்டாம் என்பது என் யோசனை. எந்த ஊருக்குப் போனாலும் கேள்வி குறையும். பட்டன், ஸ்பிரிங், கறுப்புப் பூச்சு, முதுகில் ரம்பப் பல், கண்ணாடி உடைக்கும் கூர்முனை இதெல்லாம் இருப்பவற்றை ஒதுக்கிவிடுங்கள். சோதனையில் கத்தியைக் கையில் வாங்கும் காவலருக்கு முதல் பார்வையிலேயே அது கருவியாகத் தெரிய வேண்டும்.

நகத்தால் இழுத்துத் திறக்கும், லாக் இல்லாத பழைய பேனாக்கத்தி வகைதான் என் முதல் தேர்வு. உள்ளே இருக்கும் எஃகுப் பட்டையின் அழுத்தம் மட்டுமே அலகைப் பிடித்திருக்கும். சிவப்புக் கைப்பிடி விக்டோரினாக்ஸ் கத்திகளில் சின்ன, நடுத்தர அளவுகள் இந்த வகை. மிகச் சிறியது மடித்தால் 58 மி.மீ. பழத்துக்கும் நூலுக்கும் போதும், கேபிள் வேலைக்குப் போதாது. பிளாட்பாரத்தில் அதே சிவப்பு நிறத்தில் இருநூறு ரூபாய்க்குக் கிடைப்பது வேறு பொருள், பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

அழுத்தி அறுக்கும் வேலை அதிகம் என்றால் லாக் உள்ளது விரலுக்குப் பாதுகாப்பு. பிரான்சின் ஓபினெல், 1890 முதல் அநேகமாக அதே வடிவத்தில் வருகிறது. மரக் கைப்பிடி, கழுத்தில் ஒரு வளையம். வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்காது. 6-ஆம் எண்ணின் அலகு சுமார் 7 செ.மீ. மழைக்காலத்தில் மரம் ஊறித் திறக்கக் கொஞ்சம் மல்லுக்கட்டும், அது ஒன்றுதான் குறை. அதிலேயே கார்பன் எஃகு, துருப்பிடிக்காத எஃகு என்று இரண்டு வகை உண்டு. வியர்வையில் நனையும் பாக்கெட்டுக்கு இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள். என் அப்பாவின் கத்தி கார்பன் எஃகு. அவர்போல் வெட்டுக்கு வெட்டு துடைக்கிறவருக்குத்தான் அது சரிப்படும்.

விலை குறைந்த சீனக் கத்திகளில் 8சிஆர்13எம்ஓவி என்ற எஃகு பரவாயில்லை. தீட்டச் சுலபம், ஓரளவு கூர் நிற்கும். டி2 என்ற எஃகு வகையைப் போட்டிருந்தால் கூர் நாள்பட நிற்கும், ஆனால் துருப்பிடிக்கும், வீட்டுக் கல்லில் தீட்டவும் சிரமம். வெறுமனே 'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் போட்டிருந்தால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் எடுத்துப் பார்க்கும்போது அலகைத் திறந்து இடவலமாக மெல்ல அசையுங்கள். ஆட்டம் இருந்தால் வேண்டாம். மடித்தபின் அலகு கைப்பிடியின் நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஒரு பக்கம் உரசக் கூடாது. லாக் உள்ளது என்றால், விரல்கள் அலகின் பாதையில் இல்லாதபடி பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மேஜை விளிம்பில் லேசாக அழுத்துங்கள். மடங்கினால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். ஆன்லைனில் வாங்கினாலும் வந்தவுடன் இதையெல்லாம் பார்த்துவிடுங்கள், திருப்பி அனுப்ப நாள் இருக்கும்போதே.

வாங்கிய பிறகு, திருகாணி இருக்கும் மூட்டில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காயெண்ணெய் அங்கே வேண்டாம், நாளடைவில் பிசுக்குப் பிடித்துத் தூசியை இழுக்கும்.

ஒரு முக்கியமான விஷயம். பிளாஸ்டிக் கைப்பிடி என்றால் ஷாக் அடிக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். இது ஆபத்தான நம்பிக்கை. சாதாரண மடக்குக் கத்தியின் கைப்பிடிக்குள் உலோகத் தகடு இருக்கும், திருகாணி வெளியே தெரியும். மின்காப்புள்ள கருவியில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வி என்ற எண்ணும் போட்டிருக்கும். என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், இன்வெர்ட்டரை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை பேனல் வரிசையில் மின்னழுத்தம் நிற்கும். பணியிட விபத்து இழப்பீட்டு வழக்குகளில், கருவி சொந்தமா, கம்பெனி கொடுத்ததா என்ற கேள்வி கட்டாயம் வருகிறது. ஆகவே மின்காப்புள்ள கேபிள் கத்தியையும் வயர் ஸ்டிரிப்பரையும் நிறுவனத்திடமே எழுத்தில் கேளுங்கள். அட்டைப்பெட்டிக்கு, பிளேடை முறித்து முறித்துப் பயன்படுத்தும் ஐம்பது ரூபாய் கட்டரைவிட நல்லது எதுவும் இல்லை. இதெல்லாம் டூல் பையில் வந்துவிட்டால் உங்கள் மடக்குக் கத்திக்குக் கேபிள் டையும் கொய்யாவும்தான் மிச்சம். அதற்கு 1,500 ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டியதில்லை.

வண்டிச் சோதனையில் நிறுத்தினால்

வேலை நேரத்தில் கத்தி மற்றக் கருவிகளோடு டூல் பையில் இருக்கட்டும். பைக் சீட்டுக்கு அடியிலோ இடுப்பிலோ தனியாக வைக்காதீர்கள். ஸ்குரூ டிரைவர், டேப், மல்டிமீட்டர் நடுவில் இருக்கும் கத்தி அதன் வேலையைத் தானே சொல்லிவிடும். நிறுவன அடையாள அட்டை கையில் இருக்கட்டும். கேட்டால் ஒளிக்காமல் எடுத்துக் காட்டி, எதற்கு என்று ஒரு வரியில் சொல்லுங்கள். "பாதுகாப்புக்கு சார்" என்று மட்டும் வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள். பழம் நறுக்கும் கத்தியை நீங்களே ஆயுதம் என்று ஒப்புக்கொண்டது போல் ஆகும்.

பறிமுதல் செய்தால், அதன் விவரத்தை எழுதும் மகஜரில் அலகின் நீளம் சரியாக எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத்தாளில் போடாதீர்கள். பறிமுதலை வீடியோவாகப் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 105-ஆவது பிரிவு சொல்கிறது, அதைப் பணிவாகக் கேட்கலாம். கைது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண் 15100.

புதுக் கத்தி வந்ததும் அம்மாவிடம் காட்டுங்கள். எங்கள் வீட்டில் கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். உங்கள் அம்மாவும் அந்த வழக்கம் உள்ளவர் என்றால், கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதோடு ஒரு கொய்யாவையும் வைத்துவிடுங்கள்.